மொட்டை வேம்பும் பச்சைக் காரும்

மருதூரணி,
கொட்டாம்பட்டி வழி.
4.7.2002

ஹம்சா,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். சென்னையில் விளம்பர கம்பெனி வேலை, தலைக்கு மேல் ஃபேன், அதற்கு மேல் நிழலுக்கு ஏழு மாடி. உனக்கென்ன!

நீ எழுதிய வரி ஊர் ஊராகப் பலகையில் ஏறப்போகிறது என்று போன கடிதத்தில் துள்ளிக் குதித்திருந்தாயே, ஏறிவிட்டது. திருச்சி ரோட்டில் எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கிலேயே ஏறிவிட்டது. ஒரு வீட்டுக் கூரை அகலத்துக்குப் போர்டு. பெரிய பச்சை இலை ஒன்று, அதிலிருந்து வெள்ளைக் கார் வழுக்கிக்கொண்டு வருகிறது. 'மரங்கள் கையசைத்து வழியனுப்பும் கார்.' கீழே சின்ன எழுத்தில், புகை குறைவாம், இயற்கைக்கு நண்பனாம்.

தூரத்தில் பார்த்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நாகமலை புதுக்கோட்டை ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் எழுதியதாக்கும் என்று பஸ்ஸில் இருந்தவர்களிடம் சொல்ல வாயெடுத்தேன். இறங்கிப் பார்த்தால், விலக்கில் நின்ற மூன்று வேப்பமரத்தையும் மொட்டையடித்து வைத்திருக்கிறார்கள். ரோட்டில் வருகிறவனுக்கு உன் போர்டு மறைக்கிறதாம்! ஒரு கிளை மிச்சமில்லை. கையில்லாத மரம் எப்படியடி கையசைக்கும்?

அந்த மரங்கள் யார் வைத்தது என்று உனக்குத் தெரியாது. முன்பெல்லாம் எங்கள் பெண்கள் அடுத்த ஸ்டாப்பில்தான் பஸ் ஏற வேண்டும். அங்கே நிழல் உண்டு, அந்த நிழலில் எங்களை உட்கார விடமாட்டார்கள். எங்கள் விலக்கில் பஸ் நிற்க உத்தரவு வந்த வருஷம் அம்மாவும் சோணையம்மாள் சித்தியும் செல்லக்கிளி மதினியும் சேர்ந்து வைத்த கன்றுகள் அவை. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். காலையில் பறித்த மல்லியை ஈரச் சாக்கு போட்டு மூடி அந்த நிழலில் வைத்துத்தான் மாட்டுத்தாவணி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். வெயில் பட்டால் மொட்டு வாய் திறந்துவிடும். வாய் திறந்த மல்லியை எந்த வியாபாரியும் கையால் தொடமாட்டான். அந்த ஒரு துண்டு நிலத்து மல்லிதான் அம்மாவை அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகாமல் வைத்திருக்கிறது. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்யப்போகிறாய் என்று எழுது.

சரண்யாதேவி


சென்னை,
12.7.2002

அன்புள்ள சரண்யா,

அன்புள்ள என்று நானாவது போடுகிறேன்.

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு கோபமும் வந்தது. நான் அரிவாள் எடுத்துக்கொண்டு வந்தா உங்கள் மரத்தை வெட்டினேன்? கார் கம்பெனி கேட்டது, நான் எழுதினேன். போர்டு வைக்கிறவன் வேறு காண்டிராக்டர். கிளை கழிக்கிறவன் அவனுக்குக் கீழே இன்னொருவன். அவர்களில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவனிடம் போய், சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை பிடிப்பாயா நீ?

இங்கே விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று தொகுத்துக் கொடுக்கும் வேலையும் என் தலையில்தான். திண்டுக்கல் பெரியவர் ஒருவர், இந்தக் கார் பெட்ரோலே குடிக்காதா என்று விசாரித்திருக்கிறார். திருமங்கலத்துப் பள்ளிக்கூடப் பெண் இலைக்கு வண்ணம் தீட்டி அனுப்பியிருக்கிறாள். கரூர்க்காரர் ஒருவர், புகை விடுகிற சாமானை மரத்தோடு சேர்த்துப் படம் போட உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று காய்ச்சியிருக்கிறார். அவர்கூட ஒரு போஸ்ட் கார்டோடு விட்டுவிட்டார். மரம் போச்சு என்று எழுதியவள் நீ ஒருத்திதான்.

எங்கள் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். வெங்கடசுப்பிரமணியன் மகள் பாங்கு பரீட்சை எழுதாமல் விளம்பரத்துக்கு வரி எழுதப் போய்விட்டாள் என்று மூன்று வருஷம் என்னோடு சரியாகப் பேசாதவர். இப்போது தினமும் சாயங்காலம் மதுரைக் காளவாசல் போர்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடம், "எம் பொண்ணு எழுதுனது" என்கிறாராம். அந்தக் காரையே புக் பண்ணியிருக்கிறார். எங்கள் சௌராஷ்டிரத் தெருவுக்கே முதல் கார். இந்தச் சமயத்தில் நான் போய் அந்த விளம்பரம் தப்பு என்று கம்பெனியில் நிற்க முடியுமா?

குறை இருந்தால் மதுரையில் ஷோரூம் இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள். என்னை விட்டுவிடு.

ஹம்சவேணி


மருதூரணி,
8.8.2002

ஹம்சவேணிக்கு,

ஒரு மாதம் பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மரம் போனபிறகு எங்கள் பெண்கள் எங்கே உட்காருகிறார்கள் தெரியுமா? உன் காரின் நிழலில். ஆமாம், போர்டின் நிழலில்! போர்டு உயரத்தில் இருப்பதால் நிழல் அதன் காலடியில் விழாது. தள்ளிப்போய் ரோட்டு ஓரத் தாரில் விழும். அங்கேதான் கூடைகளை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். நிழல் நகர நகர இவர்களும் கூடையை நகர்த்திக்கொண்டே போவார்கள். டீக்கடை சின்னச்சாமி அண்ணனுக்கு ஒரே கேலி. "என்ன மதினி, முன்சீட்டுல உக்காந்திருக்கீகளா, பின்சீட்டா?" என்பார். அவருக்கென்ன, போர்டு லைட்டில் ராத்திரி வியாபாரம் கூடியிருக்கிறது. போர்டு வந்தது நல்லது என்கிற ஒரே ஆள் இந்த ஊரில் அவர்தான்.

நேற்று ஒரு லாரி ஓரம் கட்டி வந்தது. செல்லக்கிளி மதினியின் கூடை சக்கரத்துக்குள் போய்விட்டது. மதினியை அம்மா சேலையைப் பிடித்து இழுத்ததால் ஆள் தப்பித்தாள். ரோடெல்லாம் மல்லி. அம்மாவுக்கு முழங்கை சிராய்ப்பு. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள், "பேசாம பூவ விட்டுட்டுக் களையெடுக்கப் போயிறலாம்டி" என்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததே இல்லை.

ஒரு நல்ல சேதியும் உண்டு. மொட்டை மரங்களில் கொழுந்து விட்டிருக்கிறது. அதற்குள் காண்டிராக்டர் ஆள் வந்து பார்த்துவிட்டு, ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து கழித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். தளிர்க்கத் தளிர்க்கக் கழித்தால் மரம் பட்டுப்போகும்.

ஷோரூமில் சொல்லச் சொன்னாய் அல்லவா? சொல்லப்போகிறோம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு எல்லோரும் பூவோடு மதுரை போவார்கள். விற்றுவிட்டு நேராக அங்கேதான். கடையில் அந்தப் பச்சை இலைப் படம் பெரிதாக மாட்டியிருக்குமாம். செத்தவர் படத்துக்குப் போடுகிற மாதிரி அதற்கு ஒரு மாலை போட்டுவிட்டு வாருங்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். எனக்கு அன்றைக்கு பி.எட். சான்றிதழ் சரிபார்ப்பு. இல்லாவிட்டால் நானே முன்னால் நிற்பேன்.

சரண்யா


சென்னை,
27.8.2002

சரண்யா,

மாலை போட்டாயிற்று. திருப்திதானே?

படத்துக்கு விழவில்லை. எங்கள் அப்பாவின் காருக்கு விழுந்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதே முகூர்த்தத்தில்தான் அப்பா வண்டி எடுக்கப் போயிருக்கிறார். பட்டுப் புடவையில் அம்மா, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் தயார். ஷோரூமுக்குப் பூ கொண்டுவருகிற ஆள் வரவில்லையாம். அந்த நேரம் பார்த்து உங்கள் பெண்கள் மாலையோடு உள்ளே வந்திருக்கிறார்கள். ஷோரூமில் இருக்கிற ராகேஷ், "வாங்கம்மா, எம்புட்டு நேரமாப் பாக்குறது" என்று கையிலிருந்து வாங்கி, அவனே வண்டியின் முகப்பில் போட்டுவிட்டான். அம்மா கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போதுதான் ஒரு பெண், "அய்யோ தம்பி, அது செத்துப்போன மரத்துக்குக் கட்டுனதுய்யா!" என்று கத்தியிருக்கிறாள்.

அம்மா கற்பூரத் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து தலை முழுகினாள். ரெண்டு நாள் சாப்பிடவில்லை. எங்கள் அம்மா பத்மாசினி அழுதால் தெருவுக்கே கேட்கும். போனில் எங்கள் பாஷையில் அவள் திட்டியதை உனக்குத் தமிழில் எழுத எனக்கு மனசு வரவில்லை. கார் ஷோரூமிலேயே நிற்கிறது. அப்பா போனில் என்னோடு பேசவில்லை. 'அந்தப் பெண்கள் யார், என்ன மரம்' என்று அம்மா மூலம் கேட்டார். 'என் சிநேகிதியின் ஊர்' என்று சொன்னேன். அதோடு அம்மா கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து அந்த மனுஷன் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். ரெண்டு மாதம்கூட அனுபவிக்க விடவில்லை நீ. எனக்கு எழுதாதே.

ஹம்சவேணி


மருதூரணி,
9.9.2002

ஹம்சா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு. ஆனால் படித்துவிட்டுக் கிழி.

உங்கள் அம்மா பட்டினி கிடந்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அது உங்கள் கார் என்று சத்தியமாக யாருக்கும் தெரியாது. எங்கள் அம்மா வந்து நடந்ததைச் சொன்னாள். "நல்ல நாளும் அதுவுமா ஒரு சுமங்கலி மனசக் கலங்க வச்சுட்டோமேடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த யோசனை என்னுடையது. உங்கள் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஆனால் அந்தப் படத்துக்கு மாலை போட வேண்டும் என்று நினைத்ததற்கு நான் வருத்தப்படவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத சேதி. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நேரத்துக்கு எங்கள் விலக்கில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஷோரூமிலிருந்து எடுத்துவிட்டார்கள் போல, கார்த்திகேஷ் ஓட்டிவந்தான், உன் தம்பிதான். உங்கள் அப்பா இறங்கினார். பெண்கள் எல்லாம் பயந்து எழுந்து நின்றார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று சின்னச்சாமி அண்ணன்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மரத்தைப் போய்த் தடவிப் பார்த்தார். போர்டை அண்ணாந்து பார்த்தார். வெள்ளை வேட்டியோடு வந்து, பெண்களுக்குக் கொஞ்சம் தள்ளி, அந்தத் தார் ரோட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார்! நிழல் நகர்ந்ததும் இவரும் நகர்ந்தார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போனதும் துள்ளி எழுந்து, "என்னம்மா இது, தினமும் இப்பிடியா?" என்றார். "இது எம் பொண்ணு எழுதுனதும்மா" என்று போர்டைக் காட்டினார். கடைசியில் சோணையம்மாள் சித்திதான், "நல்லாத்தான் எழுதியிருக்கு அய்யா, பிள்ளைய வையாதீக. மரமும் இருந்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்" என்றாள்.

அன்றைக்குக் கூடைகள் எல்லாம் உங்கள் காரில்தான் மதுரை போயின. காரெல்லாம் மல்லி வாசம். பெண்கள் ஏறமாட்டோம் என்று பஸ்ஸில் போனார்கள், அது வேறு கதை.

ஹம்சா, இப்போது கொழுந்துகள் முழ நீளம் வந்திருக்கின்றன. அடுத்த மாதம் கழிக்க வருவார்கள். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அந்த அரிவாளை நிறுத்த உன்னால் முடியுமா? முடியாது என்றால் அதையாவது எழுது.

சரண்யா


சென்னை,
24.9.2002

அடியே சரண்யா,

கிழிக்கவில்லை.

அப்பா உங்கள் ஊருக்கு வந்ததை எங்களிடம் சொல்லவே இல்லை. உன் கடிதம் பார்த்துத்தான் போன் போட்டேன். "ஆமாப்பா, பூ வாடை இன்னும் போகல. உங்கம்மா சந்தோஷமா மோந்து பாத்துட்டு உக்காந்திருக்கா" என்றார். நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக அழுதேன்.

நேற்று கார் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். விளம்பரத்தைப் பற்றி ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று நான் வாசிக்க வேண்டும். திண்டுக்கல், திருமங்கலம், கரூர் எல்லாம் வாசித்தேன். பிறகு உன் கடிதங்களை எடுத்து உங்கள் விலக்குக்கு வந்தேன். முன்சீட்டா பின்சீட்டா என்று சின்னச்சாமி கேட்டதை வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். லாரியை வாசித்தபோது சிரிப்பு நின்றது. அப்புறம், வந்த கடிதங்களோடு இருந்த ஒன்று, எங்கள் அப்பா கார் கம்பெனிக்கு எழுதியது. 'என் மகள் எழுதியதைப் படித்தேன், நம்பினேன், வாங்கினேன். இப்போது உங்கள் காரில் அந்த விலக்கைத் தாண்டிப் போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது.' அவ்வளவுதான் அதில் இருந்தது. எங்கள் மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்கு வேலை போச்சு என்றே நினைத்தேன்.

போகவில்லை. கிளை கழிப்பதை நிறுத்தச் சொல்லிவிடலாம் என்றார் கம்பெனியின் பெரியவர். அதற்குள் இன்னொருவர் ஒரு கொக்கியைப் போட்டார். தீபாவளிக்கு முன்னால் உங்கள் பெண்களை அந்த மரத்தடியில் காரோடு உட்காரவைத்துப் போட்டோ எடுக்க வேண்டுமாம். மரத்தைக் காப்பாற்றிய கார் என்று அடுத்த விளம்பரம் போட வேண்டுமாம். படத்துக்குச் சம்மதித்தால் அரிவாள் வராது. இல்லையென்றால் காண்டிராக்டர் பாடு.

இதைக் கேட்க எனக்கு நாக்கு கூசுகிறது. வெட்டினவர்களே காப்பாற்றினவர்களாகப் போஸ் கொடுப்பதா? அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் கொழுந்துகள் போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். நான் தைரியசாலி இல்லை, உனக்கே தெரியும். அவர்களிடம் கேட்டு எழுது. மாட்டோம் என்றால் அதை அப்படியே கொண்டுபோய்ச் சொல்கிறேன்.

ஹம்சா


மருதூரணி,
2.10.2002

ஹம்சா,

உன் கடிதத்தை விலக்கிலேயே உரக்கப் படித்தேன். ஏக ரகளை.

செல்லக்கிளி மதினிக்கு வாயெல்லாம் பல். போட்டோவுக்கு எந்தச் சேலை கட்டுவது என்று அப்போதே ஆரம்பித்துவிட்டாள். சோணையம்மாள் சித்தி எரிந்து விழுந்தாள். "மொட்டை மரத்துக்குக் கீழ உக்காந்து ஈன்னு இளிக்கச் சொல்றாகளா? பாக்குறவன் காறித் துப்ப மாட்டான்?" சின்னச்சாமி அண்ணன், "அவக கேக்குறதக் குடுத்துட்டு மரத்தக் காப்பாத்துங்க தாயி" என்றார். எனக்கு மாட்டோம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கழிக்க வருகிற நாள் நெருங்குகிறது. நானும் உன்னைப் போலத்தான் பயந்துபோய் நின்றேன்.

அம்மா பேசாமல் சாக்கை நனைத்துக் கூடையை மூடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஓய்ந்ததும் சொன்னாள்: "போட்டாவுக்கு உக்காருவோம்னு எழுதுடி. ஆனா நெழல்லதான் உக்காருவோம். வெயில்ல உக்கார மாட்டோம். நெழல் வரவும் வரட்டும்."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தேன் பார், பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டோம்! நிழல் வர வேண்டுமென்றால் மரம் வளர வேண்டும். படம் வேண்டுமென்றால் அதுவரை அவர்களேதான் மரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். போய்ச் சொல். அம்மா பெயரைப் போட்டு, முருகம்மாள் சொன்னதாகவே சொல்.

சரண்யா


சென்னை,
17.10.2002

சரண்யா,

சொன்னேன். முருகம்மாள் சொன்னதாகவே சொன்னேன். இந்தத் தடவை வாய் கொஞ்சமும் குழறவில்லை.

எங்கள் மேனேஜர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கம்பெனிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் சம்மதித்துவிட்டார்கள், முடியாது என்று சொல்லவில்லையே! கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். படம் எடுக்கும்வரை அந்த மூன்று மரத்திலும் கை வைக்கக் கூடாது என்று காண்டிராக்டருக்கு எழுத்தில் போய்விட்டது. நகல் ஒன்று சின்னச்சாமி அண்ணன் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். யாராவது அரிவாளோடு வந்தால் காட்டச் சொல்.

அடுத்த விளம்பரத்துக்கு இப்போதே ஒரு வரி எழுது என்றார்கள். எழுதமாட்டேன், மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். திட்டினார்கள். பரவாயில்லை.

உங்கள் அம்மாவை ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லி எங்கள் அம்மா போனில் சொன்னாள். பூ கொண்டுவர வேண்டாமாம், சாப்பிட வர வேண்டுமாம்.

உன் ஹம்சா


மருதூரணி,
12.6.2003

அருமை ஹம்சா,

எனக்குப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

மரங்கள் நன்றாகக் குடை பிடித்துவிட்டன. ஒருமுறை ஏணியோடு ரெண்டு ஆட்கள் வந்தார்கள். சின்னச்சாமி அண்ணன் காகிதத்தை எடுத்து நீட்டி, "படிச்சுப் பாருங்கடா மாப்ள" என்று மிரட்டிய மிரட்டலில் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். கிளைகள் போர்டில் பாதியை மூடிவிட்டன. சக்கரம் தெரியவில்லை, உன் வரியும் பாதிதான் தெரிகிறது. ஏதோ வேப்பெண்ணெய் விளம்பரம் என்று நினைத்துப் பஸ்ஸில் ஒருவர் என்னிடம் கேட்டார்.

எங்கள் பெண்கள் ரோட்டை விட்டு மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். களையெடுக்கப் போகிற பேச்சை அம்மா மறுபடி எடுக்கவே இல்லை. இந்த வருஷம் இன்னும் ரெண்டு வரிசை மல்லி ஊன்றியிருக்கிறாள்.

போன வாரம் உன் கம்பெனி ஆட்கள் போட்டோ எடுக்க வேனில் வந்தார்கள். செல்லக்கிளி மதினி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மா எழுந்து நின்று நிழலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "கூடைக்கு மட்டும்தான் நெழல் பத்துது தம்பி. எங்களுக்கு இன்னும் முதுகுல வெயில் அடிக்குது. போயிட்டு அடுத்த வருஷம் வாங்க" என்றாள். அவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். ம்ஹூம்!

வேன் டிரைவர் வேனைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். உச்சி வெயில். போட்டோ எடுக்க வந்த பையன் எங்கே நிற்பது என்று தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முழித்தான். அம்மா தன் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இப்பிடி வந்து உக்காருய்யா" என்று இடம் விட்டாள்.

சரண்யா